ஆராத்தூன் தாத்தா பாடிய தாலாட்டு

உட்காருங்கள் ஆன்ட்டி, இது யாருக்கும் பிடித்து வைத்த இடம் இல்லை. பையை என் பக்கம் தள்ளிவிடுங்கள். காபிக்கு வந்தீர்களா, கூட்டத்துக்கு வந்தீர்களா? வெட்கப்படாதீர்கள், இங்கே பாதிப் பேர் போண்டாவுக்கு வந்தவர்கள்தான். அதைக் கடைசியில்தான் தருவார்கள். அதற்கு முன்னால் நான் உங்களுக்கு ஒரு சிரிப்பு தருகிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். ஏழு மணிக்கு, இதே மேடையில். இப்போதே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சொன்னால் ருசி போய்விடும்.

அழைப்பிதழைப் பாருங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை, நூல் வெளியீடு, ஏற்புரை. என் சரக்கு ஏற்புரையில் இருக்கிறது. அதுவரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். நான் எட்டு மாதம் பொறுத்தவள்.

என் பெயர் இமெல்டா. ப்ளஸ் டூ. வேலை, அடுத்தவர் குரல். இதோ வரவேற்புரைக்காரர் மைக்கைத் தட்டுகிறார், கேளுங்கள்: "அவையோரே, அறிவோரே, அன்பினால் அமர்ந்தோரே..." இப்போது நான் சொன்னேனா, அவர் சொன்னாரா? பார்த்தீர்களா, திரும்பிப் பார்க்கிறீர்கள்! எங்கள் ஹெச்.எம். குரலில் ஒரு வகுப்பையே வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அப்பா குரலில் கேபிள்காரரைத் திட்டியிருக்கிறேன். அப்பாவே இரண்டு நாள், நாம்தான் திட்டினோமோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சரி. மேடையில் நடுநாயகமாக, பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் முனைவர் பொன். அருளாழி. பார்த்தால் சாது மாதிரி இருப்பார். நம்பாதீர்கள். எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி. அவர்தான்.

என்ன செய்தார் என்றா கேட்கிறீர்கள்? போன ஆகஸ்ட் மாதம் பள்ளிகளுக்கு இடையே போட்டி. பல குரல் பிரிவு. இவர் நடுவர். நான் ஏழு குரல் செய்தேன். ரயில் நிலைய அறிவிப்பு, மீன்காரம்மா, லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாமா, கடைசியில் குக்கர். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது பார்க்கிறேன், இந்த மனுஷன் தூங்குகிறார்! குறட்டை வேறு. விடுவேனா? குக்கர் விசிலோடு அந்தக் குறட்டையையும் சேர்த்தேன். விசில், குறட்டை, விசில், குறட்டை. அறுநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் விழித்தார். பக்கத்து நடுவரிடம், "எதுக்குச் சிரிக்கறாங்க?" என்று கேட்டார். அவர் காதில் ஏதோ சொன்னார். இவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், திரும்ப மாட்டினார்.

இரண்டு மதிப்பெண் ஆன்ட்டி. ஐம்பதுக்கு இரண்டு. காரணமே இல்லாமல்! அதோடு நிற்கவில்லை, மைக்கில் வேறு சொன்னார். இப்படி, மூக்கால்: "இது கலை ஆகாதும்மா. டெலிபோன் ஆபீஸ் வேலைக்கு வேணும்னா உதவும்."

டெலிபோன் என்று அவரே வழி காட்டினார். நான் கீழ்ப்படிந்தேன். அவ்வளவுதான் கதை.

இருங்கள், கைதட்ட வேண்டும். தட்டுங்கள், தட்டுங்கள். வாழ்த்துரை ஒன்று ஆரம்பம்.

இன்றைக்கு வெளியாகிற புத்தகம் யாரைப் பற்றி என்று தெரியுமா? கரபெட் நாஸர்யான். ஆர்மீனியாக்காரர். அந்தக் காலத்தில், நம் ஊரில் பெண் வேஷத்தை ஆண்கள் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், தன் பாஷையில் முதன்முதலாக ஆப்பரா எழுதத் துணிந்தவர். ஆப்பரா என்றால் பேச்சே கிடையாது, சண்டை, கல்யாணம், சாவு எல்லாமே பாட்டில்தான். நம் அருளாழி அவரைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகையில் ஆறு மாதம் எழுதினார். எதிரியைப் படிக்க வேண்டும் இல்லையா, பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து ஆறையும் படித்தேன்.

கரபெட்டின் அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். பையன் கடிகாரச் சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டே வளர்ந்தான். இத்தாலிக்குப் போய்ப் படித்துவிட்டு ஊர் திரும்பினார். 'குதிரைச் சந்தை' என்று ஒரு சிரிப்பு ஆப்பரா எழுதினார். மேடை ஏறப் பெண்கள் யாரும் வரவில்லை. விதவையான ஒரு தையல்காரி மட்டும் வந்தாள். முதல் நாள் ஊரே கல்லெறிந்தது, இரண்டாம் நாள் அதே ஊர் டிக்கெட் இல்லாமல் சுவரேறிக் குதித்தது. அடுத்து 'மணிக்கூண்டு' என்று ஒரு சோக ஆப்பரா. மூன்று அங்கம். கொட்டகை தீப்பிடித்ததில் மூன்றாம் அங்கம் போயே போய்விட்டது. மனுஷன் வாடகை அறையில் செத்தார். மிச்சம் இருந்த காகிதத்தில் மளிகைக்காரன் பாலாடைக்கட்டி மடித்துக் கொடுத்தான். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு... சரி, அதை விடுங்கள்.

முக்கியமான விஷயம் என்னவென்றால், கரபெட் வாழ்க்கையில் இரண்டு வருஷம் காணோம். எங்கே இருந்தார், என்ன செய்தார், யாருக்கும் தெரியாது. காலி மனை ஆன்ட்டி! கட்டுரைக்குக் கீழே பெட்டிச் செய்தி: 'இக்காலம் பற்றித் தகவல் அறிந்தோர் தொடர்புகொள்க.' தொலைபேசி எண்ணோடு.

இவருடைய வியாதி உங்களுக்குத் தெரியாது. உலகத்தில் எங்கே எவன் தும்மினாலும், அது நம் ஊரில் ஆரம்பித்த தும்மல் என்று நிரூபித்துவிடுவார். ஐரோப்பாக்காரன் வயலினில் ஒரு இழுப்பு இழுத்தால், "இது நம்ம முகாரிதானே!" பியானோவைக் காட்டினால், "யாழுக்குப் பேரப்பிள்ளை!" இதையெல்லாம் புத்தகமாகவே போட்டிருக்கிறார். படித்தவர்கள் சிரிக்கிறார்கள். இவருக்கு உறைக்காது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் காலி மனையில் நான் வீடு கட்டினேன். எங்கள் அக்காவின் பழைய பட்டன் போன், பழைய சிம். வியாழக்கிழமை நாலரை மணி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ஆராத்தூன் தாத்தா பிறந்தார். வயது தொண்ணூற்றொன்று. கரபெட்டின் தங்கை பேரன். இருப்பது கல்கத்தாவில், வாலிபத்தில் மெட்ராஸில் பிராட்வே பக்கம் கடை வைத்திருந்தவர், அதனால் தமிழ் தெரியும். குரல் இப்படி: "ப்ரபசர் தம்பி... நம்பள் சொல்றான், நல்லா கேளு... நம்பள் பாட்டிக்கு அண்ணன் அந்தக் கரபெட்டு... மெட்ராஸ்லதான் இருந்தான்..." நடுவில் நாலு இருமல்.

மறுமுனையில் போனே கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு, அவசர அவசரமாக: "ஐயா... கொஞ்சம் இருங்க ஐயா... பேனா எடுத்துக்கறேன்."

அவ்வளவு சுலபம்! கரபெட் அரண்மனைக்காரத் தெருவில் குடியிருந்தார் என்றேன். எழுதினார். தெருக்கூத்து பார்த்தார் என்றேன். "கட்டியங்காரனைப் பார்த்தாரா ஐயா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பார்த்தானா? பைத்தியமாகிப் போனான்! 'குதிரைச் சந்தை'யில் வருகிற கோமாளி வேலைக்காரன் நம் கட்டியங்காரன்தான் என்றேன். எதிர்முனையில் ஒரு சத்தம் வந்தது. துள்ளியிருப்பார்.

கல்கத்தாவுக்கே வந்து பார்க்கிறேன் என்றார். உடனே மலையாள நர்ஸ் மோலியைப் பெற்றெடுத்தேன். "அப்பச்சனுக்கு விசிட்டர்ஸ் பாடில்ல சார், டாக்டர் வழக்கு சொல்லும்." யாரும் பார்க்க வரக் கூடாது, டாக்டர் திட்டுவார். முடிந்தது. ஒரு தரம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல், ஒன்பது நாள் போனைத் தொடவில்லை. எடுத்துப் பார்த்தால் பதினாலு தவறிய அழைப்பு. மோலி பேசி, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். இவர் என்ன கேட்டார் தெரியுமா? "ஐயாவோட நட்சத்திரம் என்னம்மா? கோயில்ல அர்ச்சனை பண்ணணும்." ஆர்மீனியாக்காரருக்கு நட்சத்திரம்! கேட்டை என்றேன். வியாழன் தவறாமல் பண்ணியிருக்கிறார். ஆராத்தூன், கேட்டை நட்சத்திரம். குருக்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். இது நான் சொன்ன சிரிப்பு இல்லை, இது சும்மா கொசுறு.

இரண்டாவது வாழ்த்துரை வந்துவிட்டது. "நாற்பதாண்டு காலத் தவம்" என்கிறார். நாற்பத்தேழு அடிக்குறிப்பு ஆன்ட்டி! நான் மெய்ப்பு பார்த்தேன், தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாரே. 'திரு. ஆராத்தூன், தொலைபேசி வழி நேர்காணல்.' 'மேற்படியார், மேற்படி.' நாற்பத்தேழு தடவை நான்!

ஏன் இவ்வளவு விரோதம் என்று பார்க்கிறீர்களா? அவர் தாத்தாவிடம் ஒரு நாள் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு: "ஐயா, என் புத்தகத்தையெல்லாம் பார்த்து எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்குத் தெரியும். இந்த வாட்டி உயிரோட சாட்சி நீங்க இருக்கீங்க. எழுபத்து மூணு வயசாச்சு, இதுக்கப்புறம் எழுத மாட்டேன். இந்த ஒரு புத்தகத்துக்காவது யாரும் சிரிக்கக் கூடாது ஐயா." அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கண்டிப்பாகச் சிரிக்க வைக்க வேண்டும். எங்கே குத்தினால் வலிக்கும் என்று எதிரியே சொல்லிவிட்டால் குத்தாமல் விடலாமா?

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? போண்டா வாசனை வருகிறது, அதை நினையுங்கள்.

ஜனவரியில் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. என் வேலை முடிந்தது. ஆனாலும் போன வியாழன் வரை பேசினேன். ஏன் என்றால், ஒரு குரலைப் பாதியில் விட்டால் தொண்டைக்குக் கெடுதல். பயிற்சி விட்டுப் போகும். வேறொன்றும் இல்லை. அவருக்கும் வேறு வேலை இல்லை. பையன் கனடாவில். சாயங்காலம் தயிர்சாதத்தைப் பாத்திரத்தோடு நின்றுகொண்டே சாப்பிடுகிறாராம், தட்டு கழுவ வேண்டாமாம். "ஐயா சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் ஒரு நாளும் ஆரம்பித்ததில்லை. எங்கள் வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்பது கிடையாது, அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பேச விஷயம் வேண்டுமே என்று, தாத்தாவுக்கு ஒரு பேத்தியை உண்டாக்கினேன். சும்மா கற்பனைதான். பேத்திக்குப் பதினேழு வயது. எல்லார் குரலும் செய்வாள். அவள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, கணக்குப்பதிவியல் படி என்கிறார், மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. "நம்பள் என்ன சொல்றது ப்ரபசர் தம்பி?" என்று கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? "விடச் சொல்லாதீங்க ஐயா. கரபெட்டையும் ஊரே கல்லால அடிச்சுது. அந்தக் குழந்தைகிட்ட ஏதோ இருக்கு. நான் ஒருதரம் ஒரு குழந்தைக்கு அநியாயமா மார்க்கு போட்டுட்டேன். கோபத்துல போட்டது. இன்னும் உறுத்துது."

பாருங்கள் இரட்டை நாக்கை! கல்கத்தாவில் இல்லாத பேத்திக்கு உபதேசம். அந்த மார்க்கு வாங்கிய குழந்தை யாரோ, எவளோ, எனக்குத் தெரியாது. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு கொடுத்துவிட்டு உறுத்துகிறது என்றிருப்பார். எனக்குப் போட்டது நியாயமா அநியாயமா என்று அவர் யோசித்தே இருக்க மாட்டார்.

என்ன ஆன்ட்டி? நானா? போங்கள், அவருக்கு என் முகமே ஞாபகம் இருக்காது.

சரி, புத்தகத்தை நாடா அவிழ்த்து எடுக்கிறார்கள். மணி ஆறு ஐம்பது. இப்போது சிரிப்பின் பக்கத்தில் வந்துவிட்டோம். இன்னும் சொல்ல மாட்டேன், ஆனால் வாசலைக் காட்டுகிறேன்.

'மணிக்கூண்டு' ஆப்பராவின் மூன்றாம் அங்கம் எரிந்துபோனது என்றேன் அல்லவா? அதில் ஒரு தாலாட்டு இருந்ததாகப் பத்திரிகைச் செய்தி மட்டும் இருக்கிறது. அருளாழி உயிர் போகிற மாதிரி கேட்டார், "ஐயா, உங்க பாட்டி அதைப் பாடிக் கேட்டிருக்கீங்களா?" தாத்தா ஒரு வாரம் யோசித்தார். பிறகு, தொண்டை அடைக்க, இழுத்து இழுத்து, வார்த்தை இல்லாமல் முனகினார். மூன்று நிமிஷம். எனக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு நன்றாக வந்தது. மறுமுனையில் அவர் வெளிப்படையாகவே அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஐயா, இதுல நம்ம நீலாம்பரி சாயல் இருக்கே!" என்றார். வியாதி எங்கே போகும்?

அதைத்தான் ஏற்புரை முடிவில் அவரே பாடப் போகிறார். நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகு உலகத்தில் முதல் முறையாக! பாடிவிட்டு ஆராத்தூன் தாத்தாவுக்குப் போன் போடுவாராம். "கைதட்டலை உங்க காதால கேக்கணும் ஐயா, போனைப் பக்கத்துலயே வெச்சுக்குங்க" என்று நேற்று மெசேஜ். அதனால்தான் இந்தப் பட்டன் போன் மடியில் இருக்கிறது. அடிக்கும்போது வெளியே ஓடிப் போய் எடுக்கலாம் என்று இருந்தேன், நீங்களும் இந்தப் பக்கம் மூன்று மாமாக்களும் வழியை அடைத்துவிட்டீர்கள்.

எழுந்திருக்காதீர்கள்! எங்கே போகிறீர்கள்? அவரிடம் போய்ச் சொல்லவா? ஆன்ட்டி, உங்களை நல்லவர் என்று நினைத்தேன். உட்காருங்கள். இப்போது போய் நிறுத்தினால், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்பார்கள், அதற்கும் சிரிப்பார்கள். எப்படியும் சிரிப்பு நிச்சயம்.

பேச எழுந்துவிட்டார். "என் வாழ்நாள்ல... எனக்கு ஒரு நண்பர் கிடைச்சார். முகம் பார்த்ததில்லை." நான்தான், நான்தான்! "வியாழக்கிழமை எப்ப வரும்னு காத்திருப்பேன்." அது... அது புத்தகத்துக்காகக் காத்திருந்திருப்பார்.

பாடுகிறார். உஷ்.

நன்றாகத்தான் பாடுகிறார், இல்லையா? நான் முனகியதைவிட நன்றாக. முன் வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை! சபாக்காரர்களுக்குத் தெரியாது ஆன்ட்டி, தெரியவே தெரியாது. குப்பையை வேலைக்கார அம்மா கொட்டுகிற வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பாட்டு காதில் விழுந்தே இருக்காது. பின்னால் திரும்பிப் பாருங்கள். காபி டிரம் பக்கத்தில் நிற்கிற அண்ணன் தலையைச் சாய்க்கிறார். மைக் செட்காரர் அவரைப் பார்க்கிறார். அந்தச் சின்னப் பாப்பா அம்மா மடியில் நிமிர்ந்துவிட்டது. இதோ, இதோ...

"அம்மா, குப்ப வண்டி!"

ஆமாம். எங்கள் தெருவுக்குத் தினம் காலை ஏழேகாலுக்குப் பாடிக்கொண்டே வருகிற குப்பை வண்டிதான். எட்டு மடங்கு மெதுவாக்கி, நடுவில் இருமலைப் போட்டு, அழுகையைத் தடவினேன். சிரிக்கிறார்கள் கேட்கிறதா? பின்னாலிருந்து கிளம்பி வருகிறது, வேகமாகப் பாடிக் காட்டுகிறார் ஒருத்தர், முன் வரிசைக்கே வந்துவிட்டது. நாற்காலியைத் தட்டுகிறார்கள். நான் சொன்னேன் அல்லவா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள் என்று சொன்னேன் அல்லவா? சிரியுங்கள். நீங்கள் ஏன் சிரிக்கவில்லை? நானா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

அவர் கோபப்படவில்லையே. ஏன் கோபப்படவில்லை? கையை உயர்த்துகிறார். "ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம் பொறுங்க. ஏதோ தற்செயலா ஒத்துப்போகுது. அந்தப் பெரியவர் பொய் சொல்றவர் இல்லை. அவரையே கேட்டுடுவோம்." போனை எடுக்கிறார். ஐயோ, மைக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார். ஸ்பீக்கரில் போடுகிறார். இன்னும் என்னை நம்புகிறார் ஆன்ட்டி, இந்த மனுஷனுக்கு மூளை இருக்கிறதா?

மடியில் அதிர்கிறது.

எடுக்கவில்லை என்றால் தாத்தா ஓடிவிட்டார் என்று சிரிப்பார்கள். எடுத்து, ஆமாம் பாட்டியின் தாலாட்டுதான் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். நாலாவது மணி. அவர் தலையை ஆட்டிக்கொண்டே, எடுப்பார், எடுப்பார் என்கிறார். கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள் ஆன்ட்டி, உங்கள் முந்தானையை இப்படிக் கொடுங்கள், குனிந்துகொள்கிறேன்.

"ஹலோ... ப்ரபசர் தம்பி... நம்பள்தான்... சிரிக்கிற ஆளுங்களுக்குச் சொல்லு. தப்பு நம்பளுது. ப்ரபசர் மேல ஒண்ணும் இல்லே. நம்பளுக்குப் பாட்டு மறந்து போச்சு... வயசாச்சு... தெருவுல கேட்டதைப் பாடிட்டான்... அந்தாளு நல்லவன்... அவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது... கேக்குதா?... யாரும் சிரிக்காதே!"

சிரிப்பு நின்றுவிட்டதே? ஆன்ட்டி, ஏன் எல்லோரும் திரும்புகிறார்கள்? நான் மெதுவாகத்தானே பேசினேன். கடைசி வரி கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது போல. மேடை ஸ்பீக்கரிலும் வந்தது, இங்கிருந்தும் வந்ததா? இந்தப் பக்கத்து மாமா நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார். விடுங்கள், முந்தானையை விடுங்கள், இனி எதற்கு.

பார்க்கிறார். ஐந்தாவது வரிசை... நான்தான். முதலில் போனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி போனை. இப்போது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வியாழனாக எண்ணிக்கொண்டு வருகிறார், முகத்திலேயே தெரிகிறது.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார்.

ஆன்ட்டி, அவர் இன்னும் லைனைத் துண்டிக்கவில்லை.